பிடரி நோவும் பதினாலு மில்லிமீற்றரும்: ஒரு சோங்கு பொருத்திய விவரம்

தம்பி என்னிடம் துவக்குப் பிழை என்று சொல்லி வரவில்லை. "அண்ணை, இருபது வெடிக்குப் பிறகு பிடரி இறுகுது. கண்ணால தண்ணி வடியுது. அதுக்குப் பிறகு சுடுறதெல்லாம் மேலயும் கீழயுமாப் போகுது. கதிரையில ஏதும் பிழையோ எண்டு பாருங்கோ" என்றார்.

கதிரையில் பிழை இருக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு கிழமை போயிற்று.

பரந்தன் சந்தியிலிருந்து பூநகரிப் பக்கம் போகும் வீதியில் எனக்கொரு மரவேலைப் பட்டறை இருக்கிறது. கதவு, யன்னல், கட்டில்தான் சோறு போடும் வேலை. இடையில் சக்கர நாற்காலிக்காரருக்கு இருக்கைப் பலகை, கட்டிலிலிருந்து கதிரைக்கு வழுக்கி ஏறும் பலகை, குளிக்கும் கதிரை என்று செய்யத் தொடங்கி, இப்போது பாதி நாள் அதிலேயே போகிறது. வன்னியில் அந்த வேலைக்குக் குறைவில்லை. தம்பியும் அப்படித்தான் வந்தவர். அவரைக் காண்கிற எல்லாரும் "சண்டையிலயோ?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இல்லை. பூநகரியில் சீவல் தொழில் செய்தவர், பனையால் விழுந்தவர். முள்ளந்தண்டு நாரிக்குச் சற்று மேலே உடைந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. நெஞ்சும் தோளும் கைகளும் பழையபடியே இருக்கின்றன. பத்து வருடம் பனை ஏறிய தோள். என் பட்டறையில் அந்தத் தோளோடு கைகோத்து இழுத்து வென்றவன் இல்லை.

அவர் சுடுவது பத்து மீற்றர் எயார் றைபிள். மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டிகளில் ஆர்3 என்று அதற்குப் பெயர். ஆணும் பெண்ணும் ஒன்றாகப் போட்டியிடும் படுத்த நிலைப் பிரிவு அது. துவக்கின் பாரத்தைத் தன் கைகளாலேயே தாங்கக் கூடியவர்களுக்கான எஸ்எச்1 வகுப்பு. தாங்க முடியாதவர்களுக்குச் சுருள்வில் தாங்கியோடு எஸ்எச்2 வகுப்பு தனியாக இருக்கிறது. பெயர்தான் படுத்த நிலை. சக்கர நாற்காலிக்காரர் படுப்பதில்லை. கதிரையில் இருந்தபடி முன்னால் உள்ள மேசையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு சுடுவார். ஐம்பது நிமிடத்தில் அறுபது வெடி. ஒரு வெடிக்கு அதிகம் 10.9 புள்ளி, எல்லாம் சேர்ந்து 654. இலக்கின் பத்துப் புள்ளி அரை மில்லிமீற்றர் அகலமான ஒரு பொட்டு. சன்னமோ நாலரை மில்லிமீற்றர். ஒரு வட்டத்துக்கும் அடுத்ததற்கும் இரண்டரை மில்லிமீற்றர் தூரம். பத்தாவது மீற்றரில் கால் மில்லிமீற்றர் பிசகினால் புள்ளியில் ஒரு தசமம் போய்விடும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நான் சொல்லும் மில்லிமீற்றர்களின் பெறுமதி விளங்கும்.

எனக்கு இருந்த பெரிய தடை துவக்கு. அது என் பட்டறைக்கு வராது. தெற்கே உள்ள ஒரு கழகத்தின் சொத்து அது, பூட்டிய அறையில் கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. தம்பி மாதத்தில் ஒருமுறை, சில மாதம் இரண்டுமுறை அங்கே போய்ச் சுடுவார். இது சரியான ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. வன்னியில் "துவக்கு" என்ற சொல்லைச் சந்தியில் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாலே தேத்தண்ணிக் கடையில் கதை நின்றுவிடும். ஆக, துவக்கில்லாமல் துவக்குக்குச் சோங்கு, அதாவது தோளிலும் கன்னத்திலும் படும் கட்டைப் பகுதி, பொருத்த வேண்டும்.

தம்பியைக் கழகத்துக்கு ஒரு அளவுநாடாவோடும் வேர்ணியரோடும் அனுப்பினேன். அவர் கொண்டுவந்த அளவுகளையும் கைபேசிப் படங்களையும் வைத்து ஒரு மாதிரிக் கட்டை செய்தேன். உடம்புக்கு வேம்பு. கன்னம் படும் துண்டுக்கு, பழைய வீட்டு நிலையொன்றில் மிஞ்சிய முதிரை. முதிரை வியர்வை பட்டாலும் சிலும்பாது, கையால் தேய்க்கத் தேய்க்க மினுங்கும். குழலுக்குப் பதிலாக நீர்க்குழாய்ப் பிளாஸ்ரிக் பைப், அதற்குள் மணல். கழகத் துவக்கு 4.7 கிலோ, விதி 5.5 கிலோவுக்கு மேல் விடாது. மணலைக் கூட்டிக் குறைத்து நிறையையும், விரலில் வைத்தால் சமனாக நிற்கும் இடத்தையும் துவக்கோடு பொருத்தினேன். எப்படிப் பார்த்தாலும் துவக்கு என்று தோன்றக்கூடாது என்பதற்காக முழுவதும் மஞ்சள் பூசி, மூன்றாகக் கழற்றும்படி செய்தேன். தம்பி அதை ஓட்டோவில் கொண்டுபோகும்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "தண்ணிப் பைப்புத் திருத்தப் போறீரோ?" என்று ஒருவர் கேட்டாராம்.

பட்டறை ஏழு மீற்றர்தான் நீளம். கதவைத் திறந்துவிட்டு, முற்றத்து வேப்பமரத்தில் பத்து மீற்றர் வருமிடத்தில் கறுப்பு வட்டத்தை ஒட்டினேன். வட்டம் 30.5 மில்லிமீற்றர் குறுக்கு, மையம் தரையிலிருந்து 1.40 மீற்றர் உயரம், போட்டியில் இருப்பது போலவே. கதிரையில் இருக்கும் தம்பியின் கண் 1.18 மீற்றரில். அதாவது அவர் சற்று மேல்நோக்கித்தான் குறி வைக்கிறார். இருபத்திரண்டு சென்ரிமீற்றர் ஏற்றம் பத்து மீற்றரில் பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் தலையைக் குனிந்துகொண்டு அந்த ஏற்றத்தைப் பார்ப்பது வேறு, நிமிர்ந்து பார்ப்பது வேறு.

அங்கேதான் நோவு இருந்தது. நான் அதைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தேன்.

முதல் பிழை என்னுடையது

துவக்கின் சோங்கு பழைய பாணி: கன்னக்கட்டை தாழ்வு, குறிபார்க்கும் சைற்றும் தாழ்வு. சைற் இரண்டு: பின்னால் கண்ணுக்குக் கிட்ட ஒரு துளை, முன்னால் ஒரு வளையம். பின் சைற்றின் துளை குழலின் நடுக்கோட்டிலிருந்து 45 மில்லிமீற்றர் மேலே. தம்பி கழுத்தை முன்னுக்கு நீட்டி, தாடையை இறக்கி, கண்மணியைப் புருவத்துக்குள் ஏற்றித்தான் அந்தத் துளைக்குள் பார்த்தார். மாதிரிக் கட்டையில் அவர் இருப்பதைப் பக்கவாட்டில் படமெடுத்துப் பார்த்தபோது, கன்னத்துக்கும் கட்டைக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது. தலை எதிலும் தங்கியிருக்கவில்லை. மனிதத் தலை நாலரை, ஐந்து கிலோ வரும். அவர் துவக்கை, அதையும் கையையும் இணைக்கும் வாரில் தொங்கவிட்டுக்கொண்டு, அதேயளவு பாரமான தலையைப் பிடரித் தசையில் தொங்கவிட்டிருந்தார்.

இதைக் கண்டதும் எனக்கு வந்த புத்தி ஒரு தச்சனின் புத்தி: இடைவெளி இருந்தால் அடை. பழைய செருப்பு ரப்பரை எட்டு மில்லிமீற்றர் தடிப்பில் வெட்டி, கழகத்துக்குக் கொண்டுபோய்க் கன்னக்கட்டையில் ஒட்டும்படி கொடுத்துவிட்டேன். சைற்றைத் தொடவில்லை.

ஒரு கிழமை கழித்து வந்த தம்பியின் முகத்தைப் பார்த்தே விளங்கியது. "அண்ணை, முந்தி மேலயும் கீழயும் போனது, இப்ப பக்கத்தாலயும் போகுது."

நடந்தது இதுதான். கன்னம் எட்டு மில்லிமீற்றர் உயர்ந்தது, துளை உயரவில்லை. கண் துளைக்கு மேலே போய்விட்டது. துளைக்குள் பார்க்க வேண்டுமென்றால் கன்னத்தை ரப்பருக்குள் அழுத்தி அமிழ்த்த வேண்டும். அழுத்தும் அளவு ஒவ்வொரு வெடிக்கும் மாறும். கன்னம் துவக்கைப் பக்கவாட்டில் தள்ளும், விசை விடுபட்டதும் துவக்கு எதிர்ப்பக்கம் துள்ளும். முன்பு இருந்த பிடரி நோவோடு தாடை நோவையும் சேர்த்துக் கொடுத்திருந்தேன்.

கன்னக்கட்டையையும் சைற் உயரத்தையும் தனித்தனி வேலை என்று நினைத்தது என் பிழை. ஒன்றைத் தொட்டால் மற்றதையும் தொட்டாக வேண்டும். அவை இரண்டும் தோளில் ஊன்றும் தோள்தட்டைத் தொடும், தோள்தட்டு மேசை உயரத்தைத் தொடும். கதவுக்குப் பிணைச்சல் வைக்கும்போது நிலையைப் பார்க்காமல் கதவை மட்டும் சீவுகிறவனைப் போல நடந்துகொண்டேன். வேறெவனாவது அப்படிச் செய்திருந்தால் திட்டியிருப்பேன்.

கண்ணை மூடினால் தெரிவது

அடுத்த முறை மாதிரிக் கட்டையின் கன்னக்கட்டையை முழுவதும் கழற்றிவிட்டேன். சைற்றையும் கழற்றினேன். மேசையை முழங்கை இயல்பாக வந்து ஊன்றும் உயரத்துக்குச் சீர்செய்தோம். வாரைக் கட்டி, மாதிரிக் கட்டையைத் தோளில் வைத்தார்.

"தம்பி, இப்ப கண்ணை மூடும். துவக்கை மறந்துவிடும். பனையில ஏறி வட்டுக்குக் கிட்ட நிண்டு தூரத்தைப் பாக்கிற மாதிரித் தலையை வையும்."

அவர் சிரித்தார். "வட்டுக்குக் கிட்ட நிண்டா ஆர் அண்ணை தூரத்தைப் பாக்கிறது? பாளையைத்தான் பாக்கிறது." ஆனாலும் தலை தானாக நிமிர்ந்தது. மூச்சை இரண்டுதரம் விட்டு நின்றபோது கண்ணைத் திறக்கச் சொல்லி, கண்மணியின் நடுவிலிருந்து குழாயின் நடுக்கோட்டுக்கு அளந்தேன். மூன்று தரம் இறக்கி, மூன்று தரம் வைத்து அளந்தேன். 68, 70, 69. நடுத்தரமாக 69 மில்லிமீற்றர்.

துவக்கில் இருக்கும் சைற் 45. இடைவெளி 24 மில்லிமீற்றர். இவ்வளவு காலமும் அவர் தலையைக் குனிந்து, கழுத்தை வளைத்து விழுங்கிவந்தது இந்த 24ஐத்தான்.

கண்ணைப் பற்றி ஒரு சொல். கண்மணியை மேலே ஏற்றிப் பார்க்கும்போது அதை அங்கே பிடித்து வைக்கும் தசைகள் ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குப் பரவாயில்லை. ஐம்பது நிமிடத்துக்குக் கண் கலங்கும், வளையம் இரட்டையாகத் தெரியத் தொடங்கும். கண்ணாடி போடுகிறவருக்கு இன்னும் மோசம், வில்லையின் நடுவால் பார்க்காமல் மேல் ஓரத்தால் பார்க்க வேண்டியிருக்கும். இந்த விளையாட்டில் கறுப்பு வட்டம் முன் சைற்றின் வளையத்துக்குள் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்று கணக்குப் போட்டேன். கண்ணிலிருந்து முன் சைற் 85 சென்ரிமீற்றர் என்றால், பத்து மீற்றரில் உள்ள 30.5 மில்லிமீற்றர் வட்டம் அங்கே 2.6 மில்லிமீற்றராகத்தான் தெரியும். கிட்டத்தட்ட நாலு மில்லிமீற்றர் வளையத்துக்குள் அந்த 2.6 நடுவில் நிற்கிறதா என்று கலங்கிய கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். பயிற்றுநர் அதுவரை தம்பியின் மூச்சைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். மேல்கீழாகப் போகும் வெடி என்றால் மூச்சு என்றுதான் எல்லாரும் முதலில் நினைப்பார்கள். அது நியாயமான ஊகம். ஆனால் மூச்சுப் பிழையென்றால் முதல் வெடியிலிருந்தே இருக்க வேண்டும். இவருக்கு இருபதுக்குப் பிறகுதான் தொடங்கியது.

இருபத்துநாலைப் பங்கு போடுதல்

24 மில்லிமீற்றரை எப்படிக் கொடுப்பது? வழிகள் இரண்டு. முழுத் துவக்கையும் கண்ணுக்கு உயர்த்தலாம்: தோள்தட்டை அதன் தண்டவாளத்தில் கீழே இறக்கினால் தோள் இருந்த இடத்திலேயே இருக்க, குழல் மேலே வரும். அல்லது துவக்கை விட்டுவிட்டுச் சைற்றை மட்டும் கட்டை வைத்து உயர்த்தலாம்.

எல்லாவற்றையும் தோள்தட்டால் கொடுப்போமென்று முதலில் பார்த்தேன். கைமுதல் செலவில்லை, ஒரு திருகாணிதான். ஆனால் தட்டு இன்னும் 15 மில்லிமீற்றர்தான் இறங்கும். இறங்கினாலும் தட்டின் அடிநுனி கமுக்கட்டுப் பக்கம் போய்க் குத்துகிறது. அத்தோடு துவக்கு உயர்ந்தால் வார் கட்டிய கையும் உயர வேண்டும். தம்பியின் முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு 26 சென்ரிமீற்றர். அவர் முன்னங்கை மேசையோடு 38 பாகையில் சாய்ந்திருந்தது. 24 மில்லிமீற்றரும் உயர்த்தினால் 45ஐத் தொடும். விதிப்படி 30 பாகைக்குக் குறையக்கூடாது, கூடுவதில் தடையில்லை. ஆனால் கை நிமிர நிமிர வார் இறுகாமல் தளர்கிறது. மாதிரிக் கட்டையில் வைத்துப் பார்த்தபோதே தம்பி "ஆடுது அண்ணை" என்றார்.

எல்லாவற்றையும் சைற்றால் கொடுப்போமென்றால் அதுவும் சரிவரவில்லை. சைற் மிக உயர்ந்தால் கன்னக்கட்டையும் அதேயளவு உயர வேண்டும். கட்டையின் மேல்விளிம்பு கன்ன எலும்புக்கு அடியில் வந்து தாங்கினால்தான் தலை அதில் படுக்கும். அவருடைய முக அமைப்பில் 20 மில்லிமீற்றருக்கு மேல் உயர்த்தினால் கட்டை எலும்பிலேயே இடித்தது. நீளமுகக்காரருக்கு ஒருவேளை அது பொருந்தும். தம்பிக்கு உருண்டை முகம்.

கடைசியில் 10 தோள்தட்டுக்கு, 14 சைற்றுக்கு. முன்னங்கை 41 பாகைக்கு வந்தது, ஆடவில்லை. கன்னக்கட்டையும் சைற்றோடு சேர்ந்து 14 உயர்ந்தது. சைற் குழலிலிருந்து 59 மில்லிமீற்றரில் நின்றது. தம்பி கண்ணை மூடித் தலையை வைத்துத் திறந்தார்; துளை அங்கேயே இருந்தது. ஐந்து தரத்தில் நாலு தரம் இருந்தது. ஐந்தாவது தரம் கொஞ்சம் பின்னுக்கு இருந்துவிட்டார், அது சோங்கின் நீளத்தின் பிரச்சினை.

நீளத்தில் நான் இன்னொரு மடைத்தனம் செய்தேன். ஆனி மாதம், சோளகக் காற்று மரத்தூளை வாரி முகத்தில் அடிக்கிற வெக்கை. சுடும் சட்டையைப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பெனியனோடு அளந்துவிட்டேன். தடித்த கன்வஸும் தோளில் தைத்த துண்டும் சேர்ந்தால் தோள் முன்னுக்கு வந்துவிடும். போட்ட பிறகு அளந்தால் சோங்கு ஒன்றரைச் சென்ரிமீற்றர் நீளமாக இருந்தது. இடையில் வைக்கும் பலகைத் துண்டுகளைக் கழற்றிச் சரிசெய்தோம். நீளம் குறைந்ததும் கண் முன்னுக்கு வந்தது, பின் சைற்றையும் அதேயளவு முன்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது. இனிமேல் சட்டை போடாமல் யாருக்கும் அளக்கமாட்டேன், வியர்த்துக் கொட்டினாலும்.

உயர்த்துகட்டை

கழகத்திடம் உயர்த்துகட்டைகள் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலை என் ஒரு மாத வருமானத்தைத் தாண்டும். துவக்கின் மேல் உள்ள தண்டவாளம் 11 மில்லிமீற்றர் புறாவால் வெட்டு. அது எயார் றைபிள்களில் வழமையான அளவு. கிளிநொச்சியில் ஒரு லேத் பட்டறையில், அலுமினியப் பாளத்தில் இரண்டு கட்டை வெட்டுவித்தேன். அடியில் 11இன் பள்ளம், மேலே 11இன் மேடு. லேத்காரர் உழவு இயந்திரத்துக்குப் பாகம் கடைகிறவர். "எவ்வளவு துல்லியம் வேணும்?" என்றார். பத்திலொரு மில்லிமீற்றர் என்றேன். ஏறஇறங்கப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

வந்த கட்டைகளை அளந்தேன். பின்கட்டை 14.0, முன்கட்டை 13.6.

இந்த 0.4 ஏன் பெரிய விஷயம் என்று அவருக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. இரண்டு சைற்றுக்கும் இடையே 72 சென்ரிமீற்றர். பின் சைற் 0.4 உயர்ந்தால் பத்து மீற்றரில் சன்னம் ஐந்தரை மில்லிமீற்றர் மேலே போகும். இரண்டு வட்டத்துக்கும் மேல். அவர் தலையில் கைவைத்தார். நான் அவரைத் தேற்றினேன்: சைற்றைத் திருகிச் சரிசெய்யலாம், துல்லியம் ஒரே தரம்தான் பிழைத்திருக்கிறது, வெடிக்கு வெடி மாறாது. இறுகப் பிடிக்கிறதா, ஆடுகிறதா என்பதுதான் உயிர். ஆடும் கட்டையை எந்தத் திருகாலும் திருத்த முடியாது. பள்ளத்தின் ஓரங்களை அரத்தால் ராவி, மை பூசி, பொருந்துமிடம் முழுவதும் மை படும்வரை உரசினேன். அதற்கே ஒரு பின்னேரம் போனது. இந்த வேலை முழுவதிலும் நான் ரசித்துச் செய்த பகுதி அதுதான்.

சாய்வு பற்றிய வாதம்

கழகத்தில் இருந்து எச்சரிக்கை வந்தது: "சைற்றை உயர்த்தினால் துவக்கு கொஞ்சம் சரிஞ்சாலும் பிழை பெருக்கும்." பலர் இதைச் சொல்வார்கள். நானும் முதலில் நம்பினேன். ரசமட்டத்தை மாதிரிக் கட்டையில் ஒட்டிப் பார்த்தால் தம்பி எப்போதும் நாலு பாகை சரித்துத்தான் பிடிக்கிறார். விழுந்ததிலிருந்து அவர் உடம்பே ஒருபக்கம் சாய்வு. எனவே விடயம் முக்கியம்.

ஒரு கயிற்றைக் கட்டிப் பார்த்தேன். கயிறு பார்வைக்கோடு. துவக்கு சரியும்போது அந்தக் கோட்டை அச்சாகக் கொண்டுதான் சுழல்கிறது, ஏனென்றால் கண் குறியை விடுவதில்லை. சன்னம் பத்து மீற்றர் போவதற்குள் ஏறக்குறைய 17 மில்லிமீற்றர் கீழே விழுகிறது. ஆகவே குழல் எப்போதும் குறிக்கு 17 மில்லிமீற்றர் மேலே காட்டும்படி சீர்செய்யப்பட்டிருக்கும். சரியும்போது அந்த 17தான் பக்கவாட்டுக்குத் திரும்புகிறது. கிட்ட உள்ள முனையில் சைற் 45 உயரமா 59 உயரமா என்பது தூர முனையில் உள்ள 17ஐ மாற்றாது. ஒரு பாகை சரிந்தால் 0.3 மில்லிமீற்றர், நாலு பாகைக்கு 1.2. தாழ்ந்த சைற்றானாலும் அதேதான். சீர்செய்த தூரத்தை விட்டு வேறு தூரத்தில் சுட்டால் சைற் உயரம் கணக்கில் வரும். தம்பி பத்து மீற்றரை விட்டு வேறெங்கும் சுடப்போவதில்லை.

அவரது நாலு பாகைச் சரிவை நேராக்கவும் இல்லை. எப்போதும் அதே நாலாக இருந்தால் சைற்றிலேயே அதைக் கழித்துவிடலாம். நேராக்கப் போனால்தான் ஒருநாள் நாலு, ஒருநாள் இரண்டு என்று ஆகும்.

கழகத்தில்

விடிய ஓடும் ரயிலில் கதிரையோடு ஏறுவது தனிக் கதை. நாலு பேர் தூக்கினோம். கட்டைகளைப் பூட்டி, தோள்தட்டை 10 இறக்கி, முதிரையில் செய்த கன்னக்கட்டையைத் திருகினோம். சைற் 14 உயர்ந்தால் வெடி 14 மில்லிமீற்றர் கீழே விழ வேண்டும். இந்தச் சைற்றின் திருகில் ஒரு கிளிக் வெடியை 0.3 மில்லிமீற்றர் நகர்த்தும் என்று அளந்திருந்தோம். அப்படியானால் 47 கிளிக் மேலே ஏற்ற வேண்டும். தம்பி 28இலேயே நடுவுக்கு வந்துவிட்டார். பயிற்றுநர் முகத்தில் சந்தேகம். நான் காகிதத்தை நீட்டினேன்: பின்கட்டை கூடின 0.4 மில்லிமீற்றர் ஐந்தரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது, மிச்சம் 8.4, அது 28 கிளிக். லேத்காரர் பிழை சொந்தப் பேரிலேயே கணக்கில் வந்து நின்றது. அந்தக் காகிதத்தை அவரிடமே கொடுத்தேன். இப்போது அவருடைய பட்டறைச் சுவரில் இருக்கிறது.

அன்றைய புள்ளி ஒன்றும் பெரிதாக வரவில்லை. பத்து வெடி ஒரு தொகுதி; மூன்று தொகுதிக்குப் பிறகு நிறுத்திவிட்டார். நிமிர்ந்த தலை அவருக்கு அந்நியமாக இருந்தது. பழக்கத்தில் பிடரி தானாகக் குனியப் பார்த்தது. பயிற்றுநர் பழையபடி மாற்றச் சொன்னார். தம்பிதான் மறுத்தார். "நோகேல்லை. நோகாததுக்குப் பழகலாம்."

வீட்டில் மஞ்சள் கட்டையோடு ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம் இருந்தார். சுடாமல், கண்ணை மூடித் திறந்து, துளை எங்கே இருக்கிறதென்று மட்டும் பார்ப்பது. கைபேசியில் இந்தியாவின் அவனி லெகாராவின் ஒளிப்பதிவு ஒன்று வைத்திருந்தார். டோக்கியோவிலும் பாரிசிலும் ஆர்2 பிரிவில் தங்கம் எடுத்தவர். அது நின்ற நிலை, இது வேறு என்று சொன்னேன். "தலையைப் பாருங்கோ அண்ணை, தலை நேராத்தானே இருக்குது" என்றார். பேசாமல் இருந்துவிட்டேன்.

மாற்றத்துக்கு முன்னர் அவர் சுட்ட முழு ஆட்டம், தொகுதி தொகுதியாக: 101.8, 101.2, 100.1, 98.7, 97.9, 96.8. கூட்டல் 596.5. நாலு மாதம் கழித்து: 102.0, 101.6, 101.9, 100.8, 101.1, 100.4. கூட்டல் 607.8. முதல் இருபது வெடியைப் பாருங்கள், பெரிய வித்தியாசமில்லை. முன்பும் நன்றாகத்தான் சுட்டார். வித்தியாசம் கிட்டத்தட்ட முழுவதும் அதற்குப் பிறகுதான். பதினொரு புள்ளியும் சோங்கு தந்தது என்று நான் சொல்லமாட்டேன். நாலு மாதப் பயிற்சியும் அதற்குள் இருக்கிறது. ஆனால் நாற்பதாவது வெடியில் கண் கலங்காததைப் பயிற்சி தந்திருக்க முடியாது.

மாரி தொடங்கிய பிறகு ஒருநாள் தம்பி தொலைபேசியில் அழைத்தார். மஞ்சள் கட்டையின் வேப்பமரம் ஈரத்தில் ஊதி, கன்னக்கட்டை பள்ளத்தில் இறுகிவிட்டதாம். பொறும், வாறன் என்றேன். நான் போவதற்குள் அவர் பாளைக்கத்தியை எடுத்துச் சீவிவிட்டிருந்தார். பள்ளத்தை மட்டுமல்ல, கன்னக்கட்டையின் மேல்விளிம்பையும். எனக்குக் கோபம் வந்தது. வேர்ணியரை வைத்து அளந்தேன். மூன்று மில்லிமீற்றர் குறைந்திருந்தது. முதிரையின் முகத்தில் கத்தி போன தடமே தெரியவில்லை, பாளை சீவிய மாதிரி ஒரே இழுப்பு.

"ஏன் தம்பி மேலயும் சீவினீர்?"

"முகம் கொழுத்துப் போச்சண்ணை. இப்ப சோறு ஒழுங்காச் சாப்பிடுறன்."

கண்ணை மூடச் சொன்னேன். வைத்தார், திறந்தார். நான் குனிந்து முன்னாலிருந்து துளைக்குள் பார்த்தேன். கண்மணி நடுவில் இருந்தது. ஐந்து தரமும் இருந்தது. கழகத்தில் உள்ள கன்னக்கட்டையை மூன்று மில்லிமீற்றர் இறக்க வேண்டும் என்று எழுதி, அடுத்த முறை போகும்போது கொண்டுபோகச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.